ஸ்பீட் ஸ்கேட்டிங் விருதுகள்: நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

இரண்டாவது வளைவு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. மூன்று பருவமாக எங்கள் வட்டார விருதுக் குழுவில் இருக்கிறேன். பருவம் முடிந்ததும் பரிந்துரைக் கடிதங்கள் வந்து குவியும். சிறந்த வீரர், சிறந்த வீராங்கனை, அதிகம் முன்னேறியவர், தன்னார்வலர், கிளப் என்று ஐந்தாறு பிரிவுகள். வீரர்களைப் பற்றிய கடிதங்களில் நேரக்கணக்கு இருக்கும், படிப்பது சுலபம். தன்னார்வலர் பிரிவுக்கு வந்தால்தான் மனசு கஷ்டப்படும். 'அர்ப்பணிப்பு உள்ளவர், எப்போதும் சிரித்த முகம், தன்னலம் பாராதவர்' என்று முக்கால்வாசிக் கடிதங்கள் ஒரே அச்சு. பெயரை மாற்றி ஒட்டினால் யாருக்கும் பொருந்தும். அந்த மனிதர் உண்மையில் என்ன செய்தார் என்பது கடைசி வரை தெரியாது.

இரண்டு வருடம் முன்பு ஒரு கடிதம் வந்தது. நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள், பென்சில் எழுத்து. எழுதியவன் பன்னிரண்டு வயதுப் பையன். பிளாக் வைக்கிற ஒரு அம்மாவைப் பற்றி எழுதியிருந்தான்.

ஷார்ட் டிராக் என்கிற குறுந்தட ஸ்பீட் ஸ்கேட்டிங்கைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 60 மீட்டருக்கு 30 மீட்டர் அளவுள்ள ஐஸ் ஹாக்கி தளத்தில்தான் போட்டி. ஒரு சுற்று 111.12 மீட்டர். வளைவுகளில் ஏழேழு கறுப்பு ரப்பர் பிளாக்குகள்தான் தடத்தைக் காட்டும். கையோ பிளேடோ பட்டால் பிளாக் சறுக்கிக்கொண்டு எங்கேயோ போய்விடும். தடத்துக்கு உள்பக்கம் நிற்கிறவர், அடுத்த சுற்றுக்குக் கூட்டம் வருவதற்குள் அதே புள்ளியில் இன்னொன்றை வைத்துவிட்டு விலக வேண்டும். பிள்ளைகள் போட்டியில்கூட அதற்குப் பத்துப் பன்னிரண்டு நொடிதான் கிடைக்கும்.

பையன் எழுதியது எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். அந்தப் பருவத்தில் ஆறு தடவை அதே வளைவில் விழுந்தானாம். ஆறு தடவையும் அந்த அம்மா முதலில் பிளாக்கைத்தான் வைத்தார்களாம், அப்புறம்தான் இவன் பக்கம் திரும்பினார்களாம். முதலில் கோபம் வந்ததாம். ஏழாவது தடவை வேறொரு பெண் விழுந்தபோது இவன் பின்னால் வந்துகொண்டிருந்தான். வளைவில் சாயும்போது, இருக்க வேண்டிய இடத்தில் பிளாக் இருந்தது. 'அது எனக்காக வைத்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது' என்று முடித்திருந்தான்.

குழுவில் அதற்குமேல் யாரும் விவாதிக்கவில்லை. விருது இரவில் அந்தக் கடிதத்தை அப்படியே வாசித்தோம். அந்த அம்மா மேடைக்கு வந்தார்கள். ஷீல்டைக் கையில் வாங்குவதற்கு முன்னால், "எந்த நம்பர் ஹெல்மெட்?" என்று கேட்டார்கள். பதினோரு வருடமாக அந்த வளைவில் பிள்ளைகளை ஹெல்மெட் நம்பரால்தான் அவர்களுக்குத் தெரியுமாம்.

உங்களிடமும் இப்படி ஏதாவது இருக்கும். வாங்கியது, கொடுத்தது, கிடைக்காமல் போனது எதுவானாலும் எழுதுங்கள்.

ஜிக்கும் கல்லும்

எங்கள் கிளப்பில் பிளேடு தீட்டித் தருகிற ஒரு தாத்தா இருந்தார். இரண்டு ஷூவையும் தலைகீழாக ஜிக்கில், அதாவது அவற்றை அசையாமல் பிடிக்கிற சட்டத்தில் பூட்டி, கல்லை மேலும் கீழும் இழுப்பார். பிறகு ஓரத்தில் நிற்கிற பிசிறைச் சின்னக் கல்லால் எடுப்பார். கடைசியாகக் கட்டைவிரல் நகத்தை பிளேடு விளிம்பில் லேசாக இழுத்துப் பார்ப்பார். நகத்தில் வெள்ளையாகச் சீவல் விழுந்தால்தான் ஷூவைத் திருப்பித் தருவார். போட்டி நாளில் அவர் இடது கட்டைவிரல் நகம் பாதி தேய்ந்திருக்கும்.

அவருக்கு விருது கொடுக்க முடிவானபோது கோப்பை வேண்டாம் என்று நாங்கள் பிள்ளைகளாகச் சேர்ந்து சொன்னோம். அவர் ஜிக்கின் ஒரு பக்கத் திருகு பல வருடமாக நூல் சுற்றித்தான் நின்றது. புது ஜிக் வாங்கி அதில் அவர் பெயரைப் பொறித்துக் கொடுத்தோம். மறுநாள் பயிற்சிக்கு அதைத்தான் கொண்டுவந்தார். பழையதைத் தூக்கிப்போடவில்லை. எனக்குத் தீட்டக் கற்றுக்கொடுத்து அதை என்னிடம் தந்துவிட்டார். இப்போது எங்கள் கிளப்புக்கு நான்தான் தீட்டுகிறேன்.

கடைசிச் சுற்று மணி

நான் சுற்று எண் பலகை பார்க்கிறவள், மணியும் நான்தான் அடிப்பேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பெண்கள் 1500 மீட்டர், பதிமூன்றரைச் சுற்று. அந்த அரைச் சுற்றுதான் எண்ணுகிறவர்களுக்குத் தொல்லை. நடுவில் ஒரு பெண் விழுந்து எழுந்து ஒரு சுற்றுப் பின்தங்கிவிட்டாள். என் கண் அவள் பின்னாலேயே போய்விட்டது. ஒரு சுற்று முன்னதாக மணியை அடித்துவிட்டேன். முன்னால் போனவள் இருக்கிற மூச்சையெல்லாம் கொட்டிக் கோட்டைத் தாண்டி நிமிர்ந்துவிட்டாள். மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்த இரண்டு பேர் மட்டும் நிற்காமல் போனார்கள்.

கை கால் நடுங்கியது. யாரும் வந்து கேட்பதற்கு முன்னால் நானே ரெஃப்ரியிடம் போய், "மணி தப்பு. அடித்தது நான். பிள்ளைகள் மேல் தப்பில்லை" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்து மறுபடி ஓட வைத்தார். முதலில் வந்திருக்க வேண்டியவள் களைத்துப்போய் மூன்றாவதாக வந்தாள். அன்றைக்கு இரவு, இனிமேல் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

பருவ முடிவில் தன்னார்வலர் விருதுக்கு என் பெயரைச் சொன்னார்கள். பரிந்துரைத்தது அந்தப் பெண்ணின் பயிற்சியாளர். மணியைத் தப்பாக அடித்ததையும், நானே போய்ச் சொன்னதையும், அடுத்த வாரம் பலகையோடு வந்து நின்றதையும் எழுதியிருந்தார். மேடையில் இருந்து இறங்கி நேராக அந்தப் பெண்ணிடம் போய் மறுபடி மன்னிப்புக் கேட்டேன். "ஆன்ட்டி, அடுத்த பருவமும் நீங்கள்தானே மணி?" என்று கேட்டாள். ஆறு வருடம் ஆகிறது. விரல் விட்டு எண்ணுகிறேன், பக்கத்தில் இன்னொருவரையும் எண்ணச் சொல்கிறேன்.

0.3 நொடி

எல்லாம் நல்ல கதைகளாக வருகின்றன. எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதையும் சொல்கிறேன்.

'அதிகம் முன்னேறியவர்' விருது. கேட்க நன்றாக இருக்கிறது, எப்படி அளக்கிறீர்கள்? முதல் வருடம் 500 மீட்டரை 75 நொடியில் முடிக்கிற பிள்ளை, அடுத்த வருடம் 60 நொடிக்கு வந்துவிடும். வளைவில் இடது தோளைத் தாழ்த்தவும், காலைக் குறுக்கே எடுத்து வைக்கவும் தெரிந்தாலே அந்த நேரம் குறையும். என் ஏழாவது பருவத்தில் நான் 48.6 நொடியில் இருந்து 48.3க்கு வந்தேன். அந்த 0.3 நொடிக்காக அந்த வருடம் முழுக்கத் தொடக்கத்தின் முதல் நான்கு அடிகளை மட்டும் பயிற்சி செய்தேன். கழித்தல் கணக்குப் போட்டால் நான் பட்டியலிலேயே வரமாட்டேன். வரவில்லை. வாங்கிய பையன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அவன் நல்ல பையன். அளவுகோல்தான் சரியில்லை.

இந்தச் சிக்கல் இந்த விளையாட்டின் வயசுக்குச் சமம். 1889ல் ஆம்ஸ்டர்டாமில் உலகப் போட்டி நடத்தினார்கள். மூன்று தூரங்களையும் வென்றால்தான் சாம்பியன் என்று விதி. ரஷ்யாவின் அலெக்சாண்டர் பன்ஷின் இரண்டை வென்றார். அந்த வருடம் சாம்பியனே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 1892ல் உருவான பிறகு, 1893ல் அதே ஆம்ஸ்டர்டாமில் நடந்த முதல் அதிகாரபூர்வப் போட்டியில்தான் நெதர்லாந்தின் யாப் ஈடன் சாம்பியன் ஆனார். நாலு வருடம் முன்னால் அதே ஊரில் இரண்டு தூரத்தை வென்றவருக்குப் பட்டம் இல்லை. விதி எப்படியோ விருது அப்படி.

இப்போது எங்கள் கிளப்பில் இதை இரண்டாகப் பிரித்துவிட்டோம். மூன்று பருவத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒன்று, அதற்குமேல் இருப்பவர்களுக்கு ஒன்று. இரண்டாவதில் நேரத்தைப் பார்ப்பதில்லை. எதை மாற்றிக்கொண்டார் என்று பயிற்சியாளர் எழுதித் தர வேண்டும். எனக்கு இனி கிடைக்காது, நான் ஓய்வு பெற்றாயிற்று. கேட்டு வாங்கிய மாற்றம் என்ற நிம்மதி மட்டும் இருக்கிறது.

பதினாலு பேர் கிளப்

மேலே எழுதியவர் சொன்ன அளவுகோல் பிரச்சினை கிளப் விருதிலும் உண்டு. உறுப்பினர் எண்ணிக்கை, பதக்க எண்ணிக்கை என்று பார்த்தால் பெரிய கிளப் எப்போதும் பெரிய கிளப்தான். நாங்கள் பதினாலு பேர். ஹாக்கிக்காரர்கள் முடித்துப்போன பிறகு, இரவு பத்து மணிக்கு மேல்தான் எங்களுக்குத் தளம் கிடைக்கும். முதல் வேலை சுவர் ஓரமெல்லாம் மெத்தை அடுக்குவது. விழுகிறவர்கள் வேகத்தோடு போய் மோதுவது சுவரில்தான் என்பதால் மெத்தை இல்லாமல் ஒருவரையும் ஐஸில் இறக்க மாட்டோம். பெற்றோர், பிள்ளைகள், பயிற்சியாளர் எல்லோரும் தூக்குவோம். ஏழு வயதுப் பிள்ளை ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வரும்.

ஒரு வருடம் பக்கத்துக் கிளப்பின் மெத்தைகள் நனைந்து உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டன. அவர்களுடைய போட்டிக்கு நாலே நாள் இருந்தது. எங்களுடையதை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் அடுக்கிவிட்டு, போட்டி முடிந்ததும் நள்ளிரவில் திருப்பிக் கொண்டுவந்தோம். அந்தப் போட்டியில் எங்கள் பிள்ளைகள் ஒரு பதக்கம்கூட வாங்கவில்லை. அந்த வருடம் கிளப் விருது எங்களுக்கு வந்தது. மெத்தையோடு இன்னொரு காரணத்தையும் வாசித்தார்கள்: எங்கள் பெற்றோரில் ஒன்பது பேர் நேரம் எடுப்பவர், ஸ்டார்ட்டர், ரெஃப்ரி பயிற்சி முடித்திருந்தார்கள். பதினாலு ஸ்கேட்டருக்கு ஒன்பது அதிகாரிகள். ஓடும் பிள்ளைகளைப் பற்றி மட்டும் யோசிக்கிற கிளப்புகள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். ஸ்டாப்வாட்ச் பிடிக்க ஆள் இல்லை என்றால் போட்டியே கிடையாது.

உள்விளிம்பு

நான் இன்னும் எந்த விருதும் வாங்கியதில்லை, கொடுத்ததும் இல்லை. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தகுதிப் போட்டியில் 500 மீட்டரில் எரின் ஜாக்சன் கால் இடறி இடத்தைத் தவறவிட்டார். பிரிட்டனி போ வென்றிருந்தார், வென்ற இடத்தை எரினுக்கு விட்டுக்கொடுத்தார். பிறகு அமெரிக்காவுக்கு இன்னொரு இடம் கிடைத்து பிரிட்டனிக்கும் வாய்ப்பு வந்தது, ஆனால் விட்டுக்கொடுத்த அன்றைக்கு அது அவருக்குத் தெரியாது. எரின் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கினார். உங்கள் ஐந்தாறு பிரிவுகளில் பிரிட்டனி செய்தது எதில் வரும்? எங்கள் கிளப்பில் ஒரு பையன் பிளேடு வளைந்து நின்ற போட்டியாளருக்குத் தன் உபரி பிளேடை எடுத்துக் கொடுத்தான். அடுத்த தகுதிச் சுற்றில் அவனிடமே தோற்றான். யாரும் பரிந்துரை எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

இரண்டாவது வளைவு

எல்லோருக்கும் நன்றி. மூன்று விஷயங்களைக் குழுக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

0.3 நொடி சொன்னபடி முன்னேற்ற விருதை இரண்டாகப் பிரிக்க ஒப்புக்கொண்டார்கள். கிளப் விருதில் பயிற்சி பெற்ற அதிகாரிகளின் எண்ணிக்கையையும் ஸ்கேட்டர்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம். இதில் சின்னச் சண்டையே வந்தது, பெரிய கிளப்பைச் சேர்ந்த ஒருவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நிறைவேறிவிட்டது. மூன்றாவது விஷயம், பரிந்துரைப் படிவம். 'இவருடைய குணநலன்களை விவரிக்கவும்' என்ற கேள்வியை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் 'இவர் செய்ததில் நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதவும். எங்கே, எப்போது என்பதையும் சேர்க்கவும்' என்று போட்டிருக்கிறோம்.

உள்விளிம்பு, உங்கள் கேள்விக்கு: நேர்மையான விளையாட்டுக்கு என்று எங்களிடம் தனிப் பிரிவு இருக்கிறது, போன வருடம் ஒரு கடிதமும் வராததால் கொடுக்கவில்லை. அந்தப் பையனைப் பற்றி இப்போதும் எழுதலாம். பருவம் முடிந்து ஒரு வருடம் வரை ஏற்றுக்கொள்கிறோம்.

உள்விளிம்பு

எழுதிக்கொண்டிருக்கிறேன். வளைந்த பிளேடைக் கழற்ற அவனிடம் சரியான ஸ்பேனர் இல்லை, பக்கத்துக் கிளப்பில் ஓடிப்போய் வாங்கிவந்தான். ஒரு ஷூவை மட்டும் கழற்றிவிட்டு, வெறும் சாக்ஸோடு ரப்பர் தரையில் ஓடினான். அதையும் சேர்க்கலாம்தானே?