பெரிய வியாழனில் பஸ்கா விருந்து நடத்தலாமா? எபிரெய வேர்களை எங்கிருந்து கற்பது?

மானிப்பாய் வாசகர் (கேள்வி):

எங்கள் சபையின் வாலிபர் சங்கத்தினர், வரும் பெரிய வியாழனன்று திருவிருந்து ஆராதனைக்கு முன்னதாக, இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பஸ்கா விருந்தை, யூதர்கள் இன்று கொண்டாடும் முறையிலேயே நடத்த விரும்புகின்றனர். யூரியூப்பில் பார்த்த ஒழுங்கை வைத்துக்கொண்டு, புளிப்பில்லா அப்பத்துக்குக் கோதுமை மா ரொட்டி, கசப்பான கீரைக்குப் பாவற்காய் என்று பட்டியல்கூடப் போட்டுவிட்டார்கள். அவர்களுடைய ஆர்வத்தைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் இயேசுவும் சீஷர்களும் உண்ட விருந்து இப்படித்தான் இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? உயர்தரத்தில் கிறிஸ்தவ நாகரிகம் படித்ததற்கு மேல் எனக்குப் பயிற்சி இல்லை. எபிரெய மொழியும் தெரியாது. என்னைப் போன்றவர்கள் இந்த வேர்களை முறையாகப் படிக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வட்டுக்கோட்டை ஆசிரியர்:

அப்படிச் சொல்லிக்கொடுக்க முடியாது, ஐயா. யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில் பஸ்காவின் நடுநாயகமாக இருப்பது ஆட்டுக்குட்டி. அதை நெருப்பில் சுட்டு, இடுப்பில் கச்சை கட்டி, காலில் பாதரட்சையோடும் கையில் தடியோடும் விரைவாக உண்ண வேண்டும். விடியும்வரை எதையும் மீதி வைக்கக்கூடாது. இயேசுவின் காலத்தில் அந்த ஆட்டை எருசலேம் ஆலயத்தில்தான் அடித்தார்கள். கி.பி. 70இல் தீத்துவின் தலைமையில் வந்த உரோமப் படை ஆலயத்தை அழித்த பின்னர், பலியிட இடமின்றிப் போன நிலையில், வீட்டு மேசையைச் சுற்றி அமைந்த இன்றைய ஒழுங்கை ரபீக்கள் என்னும் யூத சமயப் போதகர்கள் படிப்படியாக வகுத்தனர். நான்கு கிண்ணங்களையும் பிள்ளை கேட்கும் கேள்விகளையும் கொண்ட அந்த ஒழுங்கு, ஏறத்தாழ கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில் விவரிக்கப்படுகிறது. ஆலயத்தை இழந்த ஒரு மக்கள் தம் விசுவாசத்தைக் காத்துக்கொண்ட வழி அது. இன்றும் அதை உயிரோடு கைக்கொள்பவர்கள் இருக்கும்போது, நாம் அதை ஒரு மாலை நேர நிகழ்ச்சியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

சுவிசேஷங்களே இதில் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் வாலிபர்கள் காணட்டும். மாற்கு 14 அந்த இராப்போசனத்தைப் பஸ்கா விருந்தாகவே காட்டுகிறது. யோவான் 18, 19ஆம் அதிகாரங்களோ, இயேசு உரோம ஆளுநரான பிலாத்துவின் முன் நின்றபோது யூதர்கள் இன்னும் பஸ்காவைப் புசிக்கவில்லை என்றும் அது ஆயத்த நாள் என்றும் கூறுகின்றன. விருந்துக்கு ஒதுக்கிய மாலையில் இவ்விரண்டு பகுதிகளையும் அருகருகே வைத்து வாசித்தாலே வரலாற்றுக் கல்வி தொடங்கிவிடும்.

கொழும்புத்துறைக் கத்தோலிக்கர்:

ஆசிரியர் சொன்னதோடு திருப்பாடல்கள் (நீங்கள் சங்கீதம் என்பது) 113 முதல் 118 வரையும் சேர்த்துப் படியுங்கள். மாற்கு 14:26இல் சீடர்கள் புகழ்ப்பாடல் பாடிவிட்டு ஒலிவ மலைக்குச் சென்றார்கள் என்று வருகிறதல்லவா. பஸ்கா இரவில் பாடும் வழக்கமுள்ள இப்பாடல்களே அவையாக இருக்க வேண்டும் என்பது பல அறிஞர்களின் கருத்து. கட்டுவோர் புறக்கணித்த கல் மூலைக்கல்லானது என்ற வரி 118இல் உள்ளது. அதையே இயேசு மாற்கு 12இல் எடுத்தாள்கிறார்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே எழுதுகிறேன். நம் மறையுரைகளில், இயேசு காலத்து யூத சமயப் பிரிவொன்றைச் சேர்ந்த பரிசேயன் என்றாலே வெளிவேடக்காரன் என்ற பொருளில்தான் பேசுகிறோம். ஆனால் இறந்தோர் உயிர்த்தெழுவர் என்ற நம்பிக்கையைச் சதுசேயர் என்ற மற்றொரு பிரிவினர் மறுத்தபோது அதைக் காத்து நின்றவர்கள் பரிசேயரே. திருத்தூதர் பணிகள் 23இல் பவுல் தலைமைச் சங்கத்தின் முன் நின்று, தாம் ஒரு பரிசேயர் என்று பெருமையோடு அறிவிக்கிறார். இயேசுவின் சாவுக்கான பழியை அக்கால யூதர் அனைவர்மீதும் வேறுபாடின்றியோ, இக்கால யூதர்மீதோ சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தும், அந்தப் பேச்சு நம் பீடங்களை விட்டு முற்றாக நீங்கவில்லை.

நல்லூர்ச் சைவர்:

நான் கிறிஸ்தவன் அல்லேன். ஆயினும் இவ்விடயத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. பேர்சிவல் பாதிரியாருடைய வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1854இல் வெளியிட்ட சைவதூஷணபரிகாரத்தில், பழைய ஏற்பாட்டையே சான்றாகக் கொண்டு வாதிட்டார். எருசலேம் ஆலயத்தில் பலியும் தூபமும் தீபமும் நைவேத்தியமும் கடவுளாலேயே விதிக்கப்பட்டிருக்க, அவற்றை ஒத்த சைவ ஆலயக் கிரியைகளை மிசனரிமார் இகழ்வது எங்ஙனம் பொருந்தும் என்பது அவருடைய கேள்வி. லேவியராகமம் 24ஆம் அதிகாரத்தில், அணையாது எரியும் விளக்குக்கு இடித்துப் பிழிந்த தெளிந்த ஒலிவ எண்ணெய் கேட்கப்படுவதையும், ஓய்வுநாள்தோறும் பன்னிரண்டு அப்பங்கள் மேசையில் அடுக்கி வைக்கப்படுவதையும் வாசித்தபோது, அது எனக்கு அந்நியமாகப் படவே இல்லை. உங்கள் வாலிபர்கள் அந்த நூலைச் சலிப்பான சட்டத்தொகுப்பு என்று தாண்டிப் போகாதிருப்பது நன்று.

மானிப்பாய் வாசகர்:

அனைவருக்கும் நன்றி. விருந்துக்குப் பதிலாக வாசிப்பு மாலை ஒன்றை நடத்தலாம் என்று போதகரிடம் கேட்கவிருக்கிறேன். மொழியைப் பற்றி மட்டும் ஒரு சொல்: ஐம்பது வயதுக்கு மேல் எபிரெயத்தைத் தொடங்குவதில் பயனுண்டா?

வட்டுக்கோட்டை ஆசிரியர்:

உண்டு, ஐயா. மொத்தம் 22 எழுத்துகளே. அவற்றை மட்டும் கற்றுக்கொண்டாலும், 1947இல் சாக்கடலருகே உள்ள கும்ரான் குகையில் கண்டெடுக்கப்பட்ட ஏசாயா சுருளின் படத்தைப் பார்த்து, சில சொற்களையாவது நீங்களே எழுத்துக் கூட்டி வாசிக்கலாம். இயேசு பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட தோற்சுருள் அது; ஏழு மீற்றருக்கும் மேல் நீளம். முழு எபிரெய வேதாகமமாக இன்று கிடைக்கும் மிகப் பழைய கையெழுத்துப் படி 1008ஆம் ஆண்டுக்குரியது என்பதை நினைத்தால் அதன் மதிப்புப் புரியும்.

எழுத்துகள் மனத்தில் நின்றதும் 119ஆம் சங்கீதத்தை எடுங்கள். நம் ஆத்திசூடியைப் போல அதுவும் எழுத்து வரிசையில் செல்வது: எழுத்துக்கு எட்டு வசனமாக 176 வசனங்கள். அடுத்துப் புலம்பல், முதல் நான்கு அதிகாரங்களும் எழுத்து வரிசையில் அமைந்தவை. ஐந்தாவதிலும் 22 வசனங்கள் உண்டு, ஆனால் அந்த வரிசை அதில் இல்லை.