ரூல் பாக்கா, பொக்ஸா? ஹீட்டிங் சேர்விஸ் செய்யிற ஆக்கள் உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

பொய்லர் அண்ணை (லண்டன்):

வணக்கம். லண்டன்ல 14 வருசமா காஸ் பொய்லர் சேர்விஸும் ரிப்பெயரும்தான் என்ர வேலை, புதுசா பொய்லர் பூட்டுறது வருசத்துக்கு ஒண்டோ ரெண்டோ. போன கிழமை தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் காஸ் வேலை செய்யிறதுக்கான காஸ் சேஃப் கார்ட் எடுத்த கையோட போன் அடிச்சான். "அண்ணை, என்ன பாக் வாங்கிறது, ஒராள் வீட்டோ ப்ரோ பாக் எண்டுறார், மற்றாள் மில்வாக்கி பக்கவுட் எண்டுறார், பாக்குக்கே ஒரு கிழமைச் சம்பளம் போகும் போல கிடக்கு" எண்டு. அவனோட ஒரு மணித்தியாலம் கதைச்சன், அதில பாதியை இங்க எழுதுறன், மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கோ.

முதல் நான் பட்ட பாடு. வேலை தொடங்கேக்க சில்லுப் பூட்டின பெரிய பிளாஸ்ரிக் பொக்ஸ் ஒண்டு வாங்கினன், மூண்டு தட்டு, இழுத்துக்கொண்டு போகலாம், பாக்கிறவைக்கும் இவன் வேலை தெரிஞ்சவன் எண்டு படும் எண்ட நினைப்பு. லண்டன்ல சில்லு எங்க உருளும்? பழைய வீடுகளை வெட்டி பிளாற்றாக்கி வச்சிருக்கிறாங்கள், லிஃப்ற் இல்லை, படியும் ஒடுக்கம், காப்பெற் வேற. வானை ரெண்டு தெரு தள்ளி விட்டிட்டு மூண்டாம் மாடிக்கு அதைக் காவிக்கொண்டு போனா, கதவைத் திறந்த அம்மா பொய்லரைக் காட்ட முன்னம் எனக்குத் தண்ணி தந்தவ. அண்டு இரவு குளியலறைத் தராசில வச்சுப் பாத்தன், 27 கிலோ. இஞ்சத்தை வேலைப் பாதுகாப்புக்காரர் ஒரு ஆம்பிளை இடுப்பு மட்டத்தில, உடம்போட அணைச்சு, ரெண்டு கையாலயும் தூக்கிறதுக்கே 25 கிலோ எண்டுதான் வழிகாட்டி போட்டிருக்கினம், நான் ஒரு கையில தொங்கவிட்டுக்கொண்டு படியேறியிருக்கிறன்.

பிறகு அதை மூலையில போட்டிட்டு மலிவா ஒரு துணிப் பாக் எடுத்தன், வாய் அகலமாத் திறக்கிறது. நல்லாத்தான் இருந்தது, ஒரு நாள் வரைக்கும். ஒரு வீட்டில ரேடியேற்றர் வால்வ் மாத்தினன், பழைய சிஸ்டத்தில வாற தண்ணி உங்களுக்குத் தெரியும், உள்ளுக்க இரும்பு அரிச்சு அரிச்சு மை மாதிரிக் கறுப்பா வரும். நிலத்தில சிந்தினதைத் துடைச்சிட்டன், பாக்கின்ர அடி குடிச்சதைக் கவனிக்கேல்லை. அடுத்த வீடு, கிறீம் கலர் காப்பெற், போட்டு ஒரு மாசம்கூட இல்லை. வேலை முடிச்சு பாக்கைத் தூக்கினா கீழ சதுரமா, றப்பர் ஸ்ராம்ப் குத்தின மாதிரி. அண்டைய உழைப்பும் அடுத்த நாள் உழைப்பும் காப்பெற் கழுவுறவனுக்குப் போச்சு. அண்டையில இருந்து அடிப்பக்கம் பிளாஸ்ரிக்கில வார்த்த பாக் இல்லாட்டி நான் தொடுறேல்லை. பொக்கற் எத்தினை, வார் எப்பிடி எண்டதெல்லாம் பிறகு, கடையில முதல் பாக்கைக் கவிட்டு அடியைப் பாருங்கோ.

அடுத்த பாக் வாங்க முன்னம் ரெண்டு கிழமை நான் ஒரு வேலை செய்தன். கஸ்டமர் வீட்டுக்குள்ள கையில எடுக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் மஞ்சள் ரேப்பில ஒரு சுத்து. ரெண்டு கிழமை முடிய எல்லாத்தையும் கராஜில பரப்பிப் பாத்தா, மஞ்சள் பட்டது பாதிகூட இல்லை. பொய்லர் புகையை அளக்கிற அனலைசர், காஸ் அழுத்தம் பாக்கிற மனோமீற்றர், மல்ரிமீற்றர், ஸ்குரூடிரைவர் நாலு, அலன் கீ, கிரிப்ஸ் ரெண்டு, ரேடியேற்றர் கீ, ரோர்ச், ஒரு சின்ன பிரஷ், லீக் ஸ்பிறே, சிலிக்கன் கிறீஸ், வொஷர் டப்பா, இவ்வளவுதான் சேர்விஸ். மஞ்சள் படாததுக்குள்ள ஸ்ரில்சன், பைப் பென்டர், ஹக்சோ மூண்டு. ஏன் மூண்டு ஹக்சோ எண்டு எனக்கே தெரியாது. அந்த மஞ்சள் கூட்டத்தை அள்ளி ஒரு காய்கறிப் பெட்டிக்குள்ள போட்டு, அந்தப் பெட்டியின்ர அளவுக்கு என்ன பாக் இருக்கு எண்டு தேடிப் போனன், இப்ப பாக்கோட சேத்து 11 கிலோ. மிச்சமெல்லாம் வானுக்குள்ள ஒரு பூட்டுற பொக்ஸில கிடக்கு, எக்ஸ்பான்சன் வெசலுக்குக் காத்தடிக்கிற கால் பம்ப் உட்பட, தேவைப்பட்டா ஒருக்கா இறங்கி வந்து எடுக்கிறது.

அனலைசருக்கு மட்டும் தனி உறை, அதில சமரசம் இல்லை. ஒருக்கா கிரிப்ஸுக்குக் கீழ மாட்டுப்பட்டு புறோப் குழாய் நசிஞ்சு, பொய்லரில பிழையா மெசினில பிழையா எண்டு அரை மணித்தியாலம் மண்டையை உடைச்சன். வருசா வருசம் காசு குடுத்துக் கலிப்ரேற் பண்ணுற சாமானைச் சுத்தியலோட சேத்துப் போடுறது எவ்வளவு மடத்தனம்.

—

ஸ்காபரோ குளிர் (ரொறொன்ரோ):

அண்ணை, காப்பெற் கதை வாசிச்சுச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகுது. ஆனா "ஒருக்கா இறங்கி வந்து எடுக்கிறது" எண்டது இஞ்ச சரிவராது. எங்கட ஆக்களின்ர வீடு எண்டாலும் வெள்ளையளின்ர வீடு எண்டாலும் வீட்டைச் சூடாக்கிற பேர்னஸ் பேஸ்மென்ற்ல, வாசல்ல பூட்ஸைக் கழட்டோணும். ஜனவரி மாசம் நோ ஹீட் கோல், வெளியில மைனஸ் 20, ஒரு நட் டிரைவரை விட்டிட்டு வந்தா திரும்பப் பூட்ஸ், ஜக்கெற், கையுறை எல்லாம் மாட்டிப் போய் வரோணும். நான் ஜி3 (காஸ் வேலைக்கான முதல் லைசென்ஸ்) எடுத்த முதல் வின்ரர் என்னைக் கூட்டிக்கொண்டு திரிஞ்ச அண்ணர் பேசாமல் பாத்துக்கொண்டு நிண்டார், ஆறாந்தரம் நான் பூட்ஸ் மாட்டேக்க "தம்பி, நீ பேர்னஸ் திருத்த வந்தனியோ பூட்ஸ் திருத்த வந்தனியோ" எண்டார்.

அதால நான் ரெண்டு சின்னப் பாக். ஒண்டுக்குள்ள மீற்றர் வகை, மற்றதுக்குள்ள கை ஆயுதங்கள். ரெண்டு கையிலயும் ஒண்டொண்டு, பேஸ்மென்ற் படியில இறங்கேக்க ஒரு பக்கம் இழுக்காது, நாரிக்கும் நல்லம். இஞ்சத்தை பேர்னஸில கதவு, பர்னர், புளோவர் எல்லாம் கால் இஞ்சி இல்லாட்டி 5/16 தலை உள்ள ஸ்குரூதான் கனக்க, அந்த ரெண்டு நட் டிரைவரும் பாக்கில வெளிப்பக்கம் கைக்குத் தட்டுப்படுற இடத்தில இருக்கோணும், உள்ளுக்கிருந்தா அந்தப் பாக் எனக்கு வேண்டாம். நெருப்புப் பத்துதோ எண்டு பாக்கிற பிளேம் சென்சரை உரஞ்சுற பாட் அதுக்குப் பக்கத்தில. வின்ரர்ல வாற கோல்ல எத்தினையோ இந்த மூண்டு சாமானோடயே முடிஞ்சிடும், கஸ்டமர் "இவ்வளவுதானோ, இதுக்கோ இவ்வளவு காசு" எண்டு பாப்பினம், அது வேற கதை.

குளிரைப் பற்றி ஒண்டு. மலிவு பிளாஸ்ரிக் பொக்ஸுகள் இந்தக் குளிரில பிஸ்கற் மாதிரி. எனக்கு டிரைவ்வேயில கொழுக்கி முறிஞ்சு, பிற்றிங்ஸ் எல்லாம் பனிக்குள்ள. ஸ்பிறிங்லதான் மிச்சத்தை எடுத்தன். லீக் பாக்கிற சோப்புத் தண்ணியும் வானுக்குள்ள விட்டா கட்டியாகிடும், அனலைசரும் குளிரிலயே கிடந்து எழும்ப மாட்டன் எண்டும். மீற்றர் பாக் என்னோட முன் சீற்றில ஹீற்றருக்குப் பக்கத்திலதான் வரும், மனிசிக்குப் பின் சீற்.

—

பர்மிங்காம் மாப்ள:

அண்ணே தப்பா நெனச்சுக்காதீங்க, தலைப்ப பாத்துட்டு "ரூல்"னா ஏதோ கவர்மென்ட் புது ரூல் போட்டுட்டான் போல, பேக்குக்கும் சட்டம் வந்துருச்சான்னு பதறிப்போய் உள்ள வந்தேன். டூல் பேக்கா!

நான் மதுரை பக்கம், இங்க வந்து 9 வருஷம். வாடகை வீடுகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை குடுக்குற கேஸ் சேஃப்டி சர்டிபிகேட் இருக்குல்ல, நம்மாளுங்க இன்னும் சிபி12னுதான் சொல்லுவாங்க, 2009லயே கேஸ் வேலைக்காரங்கள பதிவு பண்ற கோர்கி போயி கேஸ் சேஃப் வந்தும் கோர்கி ஃபாரத்தோட பேரு மட்டும் போகல, அந்த வேலைதான் எனக்கு. ஒரு நாளைக்கு 8 வீடு வரைக்கும் போகும். அதனால நான் பேக்பேக் ஆளு. ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும், ஒரு கையில டேப்லெட், ஒரு கையில போன், பார்க்கிங் எங்க கெடைச்சாலும் விட்டுட்டு நடந்துரலாம். ஒரே தொந்தரவு, குறுகலான ஹால்ல சட்டுன்னு திரும்பக் கூடாது. ஒரு பாட்டி வீட்ல திரும்புனேன், பின்னாடி மாட்டியிருந்த கல்யாண போட்டோ கீழ விழுந்துருச்சு. கண்ணாடி போச்சு. பாட்டி ரொம்ப கூலா, "பரவால்ல, அந்தாளு போயி 20 வருஷம் ஆச்சு"ன்னுட்டாங்க, எனக்குதான் மனசு கேக்கல, சாயங்காலம் புது ஃப்ரேம் வாங்கிட்டுப் போய் குடுத்தேன்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லல. திருட்டு! 3 வருஷம் முன்னாடி வீட்டு வாசல்லயே வேன் சைடு டோர மேல இருந்து வளைச்சு மடக்கி உள்ள இருந்தத பூரா அள்ளிட்டுப் போயிட்டானுங்க, அனலைசரோட சேர்த்து. வேன் பின்னாடி "இரவில் டூல்ஸ் இல்லை"னு ஸ்டிக்கர் வேற ஒட்டிருந்தேன், திருடன் அத நம்பல, அவன் நெனச்சதுதான் சரி. அப்புறம்தான் புத்தி வந்துச்சு, ராத்திரி வீட்டுக்குள்ள தூக்கிட்டு வர முடியாத பேக்க நான் வாங்குறதே இல்ல. இப்ப அது எங்க பெட்ரூம்ல கட்டில் பக்கத்துல தூங்குது. வீட்டம்மா அதுக்கு சக்களத்தின்னு பேரு வச்சிருக்கா.

—

கறள் மனிசன்:

ஸிப் உள்ள பாக் வேண்டாம். பிளாஸ்டர் தூசி ஸிப்புக்குள்ள போச்சுதெண்டா அண்டையோட சரி. எனக்கு மூண்டு பாக் ஸிப்பாலதான் போனது, துணி புதுசு மாதிரியே கிடக்கு. இப்ப மேல திறந்த பாக்.

—

குட்டி ஸ்பானர்:

நான் படிச்சுக்கொண்டிருக்கிறன், கொலிஜ் ரெண்டாம் வருசம், கிழமையில 3 நாள் ஒரு எஞ்சினியரோட வேலைக்குப் போறனான். 11 கிலோ எண்டு அண்ணை எழுதினதை வாசிச்சு எனக்குச் சிரிப்பு வந்தது, நான் 5 அடி, 49 கிலோ. தோளில போடுற பாக் ஒண்டை எல்லாரும் நல்லம் எண்டாங்கள், போட்டுப் பாத்தா பாக் என்ர முழங்காலில அடிக்குது, வாரை எவ்வளவு சுருக்கினாலும் அப்பிடித்தான். நல்ல தடிச்ச பாக்குகள் வெறுசாவே 3, 4 கிலோ வரும், அதுவே எனக்குச் சாமான்ல பாதி.

கடைசியில மேல கைபிடி வச்ச சின்னப் பெட்டி மாதிரி ஒரு பாக்தான் சரிவந்தது, அதில ஆசைப்பட்டாலும் கனக்க அடுக்கேலாது, அதுதான் எனக்குப் பிடிச்சது. இன்னொரு அனுபவமும் சொல்லோணும். ஒரு வீட்டில நான்தான் முதல் போய் மணி அடிச்சன், பாக்கைப் பாத்திட்டு அந்த ஐயா "சுத்தம் செய்யிற ஆள் நாளைக்கெல்லோ வாறது" எண்டார். ஒண்டும் சொல்லேல்லை. சமையலறையில பாயை விரிச்சு, மனோமீற்றரை மாட்டி, காஸ் லீக் இருக்கோ எண்டு பாக்கிற ரைற்னஸ் ரெஸ்ற் தொடங்கினன். பிறகு அவரே தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பொய்லரின்ர பழைய வருத்தமெல்லாம் என்னட்டச் சொல்லத் தொடங்கிட்டார்.

பொய்லர் அண்ணை, மஞ்சள் ரேப் நாளையில இருந்து நானும் சுத்தப் போறன். ஆனா என்னோட வாறவர் தன்ர சாமானை எடுக்காமல் என்ர பாக்குக்குள்ளயே கை விடுறார், அதுக்கு என்ன கலர்?

—

பொய்லர் அண்ணை (லண்டன்):

தங்கச்சி, அதுக்குச் சிவப்பு. மாசக் கடைசியில எண்ணிப் பாத்து அவரிட்டக் காசு கேளுங்கோ.

ஸ்காபரோத் தம்பி, ரெண்டு பாக் விசயம் நான் யோசிக்கேல்லை, நியாயம்தான், எனக்கும் இப்ப இடப்பக்கத் தோள் நோகுது, மீற்றர் வகையைப் பிரிச்சுப் பாக்கப்போறன். மாப்ள, "ரூல்" எண்டு நாங்கள் எழுதினா ஆயுதம், சட்டத்தையும் "ரூல்" எண்டுதான் எழுதுறம், பெட்டிக்குள்ள இருந்தா ஆயுதம் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. கறளாருக்கு ஒரு கேள்வி, திறந்த பாக்கோட லண்டன் மழையில ரெண்டு தெரு நடந்து பாத்திருக்கிறீங்களோ? மல்ரிமீற்றருக்கு நீச்சல் தெரியுமோ?

கடைசியா, போன் அடிச்ச பெடியன். இண்டு காலமை படம் அனுப்பியிருக்கிறான், ஒரு மணித்தியாலம் நான் தொண்டை கிழியக் கதைச்சதுக்குப் பிறகு அவன் வாங்கினது 15 லீற்றர் பிளாஸ்ரர் வாளி, சுத்திவர பொக்கற் வச்ச ஒரு துணி உறையை அதில மாட்டியிருக்கிறான். "அண்ணை அடி பிளாஸ்ரிக் பாருங்கோ, தண்ணி ஊறாது, தேவையெண்டா ஏறி நிண்டும் வேலை செய்யலாம்" எண்டு கீழ எழுதியிருக்கிறான். ஏறி நிக்காதை எண்டு மட்டும் பதில் போட்டன். மற்றதுக்கு என்னட்டப் பதில் இல்லை.