வாடகை வீட்டில் சவரக்கத்தி வாரை எதில் மாட்டுவது?

பாளையங்கோட்டைவாசி:

வணக்கம். பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். இரண்டு மூன்று பிளேடு உள்ள ரேசரால் மழித்தால் எனக்குக் கழுத்தில் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளமாகிவிடுகிறது. அதனால் எட்டு மாதமாக மடக்குக் கத்தியில்தான் சவரம். பிளேடு மாட்டுகிற கத்தி இல்லை, கல்லில் தீட்டித் தோல் வாரில் பதம் ஏற்றி வைத்துக்கொள்கிற முழுக்கத்தி. கை பழகிவிட்டது, கொப்புளமும் அடங்கிவிட்டது, பழையபடி போகிற எண்ணமே இல்லை.

பிரச்சினை வாரை மாட்டுகிற இடத்தில். என்னுடையது தொங்கவிடும் வார், 3 அங்குல அகலம், முன்னால் தோல், பின்னால் கித்தான், ஒரு முனையில் வளையம், மறு முனையில் கைப்பிடி. முதலில் சுவரில் பிளாஸ்டிக் பிளக் அடித்துக் கொக்கி முடுக்கினேன். பத்து நாள் தாங்கியது. அப்புறம் ஒரு நாள் இழுத்த இழுப்பில் ஒரு பிடி காரையோடு கொக்கி கையில் வந்துவிட்டது. அந்த நேரம் கத்தி வாரின் மேல் இருந்தது. விரல் தப்பியது, வாரின் தோலில் ஒரு வெட்டு விழுந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா இனி சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

இப்போது ஜன்னல் கம்பியில் நைலான் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். பிடுங்கவில்லை, ஆனால் வார் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்கிறது. கத்தியின் நுனிப் பக்கம் முடியில் பட்டதும் வெட்டுகிறது, அடிப்பக்கம் இழுக்கிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது. கல்லில் இரண்டு தடவை தீட்டிப் பார்த்தேன், நாலே நாளில் மறுபடியும் அப்படியே. இது மாட்டியிருக்கும் விதத்தால் வருவதா, என் கையால் வருவதா? சுவரைத் தொடாமல் உறுதியாக மாட்ட ஏதாவது வழி உண்டா? பேசாமல் தோலைப் பலகையில் ஒட்டிக்கொள்ளலாமா என்றும் யோசனையாக இருக்கிறது.

அம்பை சலூன்:

தம்பி, கயிறுதான் முக்கால் காரணம். உங்கள் வாரை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஒரு தடவை பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் பளபளவென்று தேய்ந்தும் மறு ஓரம் புதிது மாதிரியும் இருந்தால் கத்தி ஒரு பக்கத்தில்தான் பட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வார் திருகினால் ஒரு ஓரம் விறைத்துக்கொள்ளும், மற்ற ஓரம் தொங்கிப்போகும். விறைத்த பக்கம் போகிற இடம் பதம் ஏறும், தொங்குகிற பக்கம் போகிற இடம் ஒன்று தீட்டுப்படவே படாது, இல்லாவிட்டால் தோல் கத்தியின் வெட்டுவாயைச் சுற்றி மடிந்து அதை மழுக்கிவிடும். உங்கள் கத்தியின் அடிப்பக்கத்துக்கு நடப்பது அதுதான்.

எங்கள் தாத்தா அம்பாசமுத்திரம் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்து தொழில் பார்த்தவர். அவருக்குக் கொக்கியும் கிடையாது சுவரும் கிடையாது, வாரின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு மறு முனையை இடது கையால் பிடித்து இழுத்துத் தீட்டுவார். சிறு வயதில் அதை வேடிக்கை பார்த்தபோது எனக்குப் புரியவில்லை. பிற்பாடு நானே தொழிலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, கை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கால் விரல் கூடவே சாய்ந்து கொடுக்கும், வார் திருகவே திருகாது. அப்பா கடை போட்டபோது நாற்காலிக் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு இரும்பு வளையம் வைத்து அதில் வாரை மாட்டினார். அந்த வளையமும் சும்மா சுற்றும், இறுக்கமாக இருக்காது. மாட்டுகிற இடம் பலமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பலம் வேண்டியதுதான், ஆனால் அதைவிட முக்கியம் மாட்டுகிற முனை சுற்றிக்கொடுக்க வேண்டும். ஒரு முனை உங்கள் கையில் இருக்கிறது, கை ஆடத்தான் செய்யும், அந்த ஆட்டத்தை அந்தப் பக்கம் யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும்.

இழுவையும் பாருங்கள். வார் தொய்ந்தால் கெட்டது, அதற்காக வில் நாண் மாதிரி விறைக்கவும் வேண்டாம். கத்தியைப் படுக்க வைத்தால் அதன் எடைக்கு வார் பள்ளம் விழக் கூடாது, அவ்வளவு இழுவை போதும். கத்தியை அழுத்தாதீர்கள். முதுகும் வாயும் ஒரே நேரம் தோலில் படிந்திருக்கட்டும், முதுகு முன்னால் போகட்டும், வாய் பின்னால் இழுபட்டு வரட்டும், திருப்பும்போது முதுகின் மேலேயே உருட்டித் திருப்புங்கள். வாயின் மேல் உருட்டினால் வாரும் போச்சு, பதமும் போச்சு. கித்தானில் 20 தடவை, தோலில் 40, 50 தடவை. அவசரமே வேண்டாம், வேகம் தானாக வரும்.

இப்போது எங்கள் கடையில் வார் இல்லை. பாதி பிளேடு மாட்டும் கத்திதான், ஒருவருக்கு ஒரு பிளேடு, முடிந்ததும் எறிந்துவிட வேண்டியது. எச்.ஐ.வி., சில வகை மஞ்சள் காமாலைக் கிருமிகள் எல்லாம் ரத்தத்தில் பரவுகிறவை, அதனால் கடைக்கு அதுதான் சரி. ஆனால் உங்கள் கத்தி உங்கள் முகத்துக்கு மட்டும் என்றால் வாரில் தீட்டிய கத்தியின் சுகம் தனி. அதை விட்டுவிடாதீர்கள்.

பேட்டை பட்டறை:

அண்ணாச்சி சொன்னது அத்தனையும் உண்மை. மாட்டுவதற்கு என்ன செய்யலாம் என்று நான் சொல்கிறேன், இதே மாதிரி ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன்.

முதலில் கொக்கி ஏன் பிடுங்கியது என்று பார்ப்போம். படம் மாட்டும் ஆணிக்குப் பாரம் கீழ்நோக்கி இழுக்கும், வாருக்கு மாட்டும் கொக்கியை நீங்கள் நேராக வெளியே இழுக்கிறீர்கள். உள்சுவரில் சிமெண்டுப் பூச்சே சுமார் 12 மி.மீ. கனம் இருக்கும். கடையில் கொடுக்கும் 25 மி.மீ. பிளக்கை அடித்தால் அதில் பாதி வெறும் பூச்சுக்குள் உட்கார்ந்திருக்கும், செங்கல்லைப் பிடிப்பது மிச்சப் பாதிதான். தினமும் நூறு தடவை ஆட்டி ஆட்டி இழுத்தால் எத்தனை நாள் நிற்கும்? சொந்த வீடாக இருந்தால் நல்ல தேக்கு நிலையில் திருகு கொக்கி போடுங்கள் என்பேன், அது தலைமுறைக்கும் நிற்கும்.

உங்களுக்கு ஜன்னல் கம்பியே போதும், கயிறு மட்டும் வேண்டாம். 2 அங்குல அகலம், 1 அங்குலக் கனத்தில் ரீப்பர் கட்டை இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் முக்கால் அடி நீளம். மரம் எதுவானாலும் சரி, காய்ந்ததாக இருக்க வேண்டும், பச்சை மரம் காய்ந்து சுருங்கினால் பிடி தளர்ந்துவிடும். ஒரு துண்டைக் கம்பிக்கு வெளிப்பக்கம், ஒரு துண்டை உள்பக்கம் குறுக்காக வைத்து நடுவில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற மாதிரி போல்ட் போட வேண்டும். வெளிக்கட்டையைக் கம்பி இடுக்கு வழியாக நீளவாக்கில் வெளியே விட்டு, கையையும் விட்டுக் குறுக்காகத் திருப்பிக்கொள்ளுங்கள். கம்பியில் படுகிற பக்கம் இரண்டு கட்டையிலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிவிட்டால் பெயிண்டும் உரியாது, கட்டையும் கீழே வழுக்காது. இறுக்குவதற்கு இரண்டு ஓரத்திலும் விங் நட்டு (கையாலேயே முடுக்குகிற காது வைத்த நட்டு) போட்ட போல்ட், நடுவில் 8 மி.மீ. ஐ போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்), அதன் கண் வீட்டுக்குள் பார்த்தபடி. ஐ போல்டுக்கு இரண்டு கட்டையையும் சேர்த்துத் துளை போடுங்கள், பின்னால் பெரிய வாஷர் வையுங்கள். அப்போது இழுக்கும் பாரம் முழுவதும் வெளிக்கட்டை வழியாகக் கம்பிகளில்தான் விழும், சுவருக்கு ஒன்றும் இல்லை. காலி செய்யும்போது நட்டுகளைக் கழற்றினால் வந்த சுவடு தெரியாது.

அண்ணாச்சி சொன்ன அந்தச் சுற்றுகிற முனை. அதற்குத் தனியாக எதுவும் தேட வேண்டாம், நாய்ச் சங்கிலியின் முனையில் சுழலும் கொக்கி ஒன்று இருக்கும் பாருங்கள், அதேதான். டவுனில் எந்த ஹார்டுவேர் கடையில் கேட்டாலும் தனியாகக் கொடுப்பார்கள். ஒரு பக்கம் ஐ போல்ட் கண்ணில், மறு பக்கம் வாரின் வளையத்தில். வாங்கும்போது கையால் சுற்றிப் பாருங்கள், சில கொக்கிகள் பார்க்க நன்றாக இருக்கும், இழுத்துப் பிடித்தால் சுற்றாமல் கடித்துக்கொள்ளும், அது வேண்டாம்.

உயரம் உங்கள் முழங்கை அளவு, அல்லது அதற்கு இரண்டு மூன்று விரல்கடை மேலே. வார் கம்பியிலிருந்து உங்கள் கைக்கு லேசாக இறங்கி வர வேண்டும். ரொம்ப மேலே மாட்டினால் தோள் வலிக்கும், கத்தி மேலே போகும்போது தன்னையறியாமல் நுனியைத் தூக்கிவிடுவீர்கள்.

வீரை நெசவு:

ஒரு சின்ன விஷயம் மட்டும். கித்தான் நைந்துபோனால் நாடாக் கட்டிலுக்குப் பின்னுகிற பருத்தி நாடா நல்ல மாற்று, 3 அங்குல அகலத்திலும் கிடைக்கும். நைலான் கலந்தது வேண்டாம். சோப்புப் போட்டு அலசி, கஞ்சியைப் போக்கி, நிழலில் இழுத்துக் கட்டிக் காயவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நான் இரண்டு வருடமாக அதில்தான் தீட்டுகிறேன்.

திசையன்விளை பனைக்காடு:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எங்கள் தாத்தா பனையேறி. பாளை சீவுகிற அரிவாளை அவர் தோலில் தீட்டியதே இல்லை. கட்டையில் வெங்கச்சங்கல்லை (வெள்ளைப் படிகக் கல்) பொடித்துத் தூவி அதில் இழுப்பார். காலையும் மாலையும் பாளை சீவ வேண்டும், சீவுவது தாள் கனத்துக்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் பதனீர் சொட்டாது. கட்டை தொய்வதும் இல்லை, திருகுவதும் இல்லை. உங்களுக்குப் பலகையில் ஒட்டிய தோல்தான் நல்லது என்பேன். மேஜையில் ஒரு ஜி கிளாம்ப் வைத்து இறுக்கினால் முடிந்தது, கம்பியும் வேண்டாம் கட்டையும் வேண்டாம்.

அம்பை சலூன்:

திசையன்விளைத் தம்பி, உங்கள் தாத்தாவின் அரிவாளைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்றமில்லை. ஆனால் அது வேறு வேலை. கல்பொடி இரும்பைத் தின்னும், தின்று புது வாய் எடுக்கும். அரிவாளுக்கு அது வேண்டும். சவரக்கத்தியின் வாய் 16, 17 பாகைக் கோணத்தில் இருக்கிற மெல்லிய தகடு, ஒரு தடவை மழித்தாலே அது அங்கங்கே மடங்கிக் கொஞ்சம் கோணும். வெறும் தோல் இரும்பைத் தின்னாது, கோணியதை நேராக்கும், பிசிரைத் தடவி எடுக்கும். தினமும் கல்பொடியில் இழுத்தால் கத்தி சீக்கிரம் தேய்ந்துபோகும்.

பலகைத் தோல் மோசம் என்று சொல்லவில்லை. பச்சை நிறத்தில் குரோமியம் ஆக்சைடு பசை விற்கிறார்களே, அதைத் தடவி மாதம் ஒரு முறை பதம் ஏற்றப் பலகைதான் சரி, தொங்கும் வாரில் அந்தப் பசையைத் தடவவே கூடாது. ஆனால் பலகையில் கத்தி லேசாகச் சாய்ந்தாலும் ஓரம் மட்டும் படும், தொங்கும் வாரில் கொஞ்சம் இணக்கம் உண்டு, கத்தியின் முழு நீளமும் தோலோடு ஒட்டி வரும். தினத் தீட்டலுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும்.

ரேசர் சேகரிப்பவன், வண்ணார்பேட்டை:

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் சோலிங்கன் ஊரில் செய்கிற சட்டக வார்: நீள இரும்புச் சட்டத்தில் தோலைச் சுற்றியிருப்பார்கள், கைப்பிடியைத் திருகினால் உள்ளே இருக்கும் திருகு நீண்டு தோலை இழுத்துப் பிடிக்கும். எதிலும் மாட்ட வேண்டியதே இல்லை, கையில் பிடித்தபடி தீட்டலாம். தீட்டி முடித்ததும் திருகைத் தளர்த்தி வைக்க வேண்டும், அப்படியே விட்டால் தோல் நீண்டு தொளதொளவென்று ஆகிவிடும். இந்த மாட்டுகிற தொல்லையை ஒழிக்கத்தான் அந்தக் காலத்தில் என்னென்னவோ செய்தார்கள். ஆட்டோஸ்ட்ராப் ரேசரில் பிளேடைக் கழற்றாமலே உள்ளே வாரை நுழைத்து இழுக்கலாம், அந்த நிறுவனம் 1930-ல் ஜில்லெட்டோடு இணைந்தது. இங்கிலாந்தின் ரோல்ஸ் ரேசர் பெட்டிக்கு ஒரு மூடியில் கல், மறு மூடியில் தோல். என்னிடம் அது ஒன்று இருக்கிறது, இன்றைக்கும் வேலை செய்கிறது. ஆனால் உங்களிடம் நல்ல வார் இருக்கும்போது வேறு எதுவும் வாங்க வேண்டாம், பேட்டை அண்ணன் சொன்ன கட்டையைச் செய்துவிடுங்கள்.

பாளையங்கோட்டைவாசி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

வாரை வெளிச்சத்தில் பார்த்தேன், இடது ஓரம் கண்ணாடி மாதிரி, வலது ஓரம் வாங்கின அன்று இருந்த மாதிரி. கட்டை இரண்டும் தெரு முனையில் தச்சு வேலை செய்கிற அண்ணன் அறுத்துக் கொடுத்தார், பழைய வேப்பங்கட்டை. சைக்கிள் டியூப், சுழல் கொக்கி எல்லாம் சொன்னபடியே. முதல் நாள் மாட்டி இழுத்தபோதே வித்தியாசம் தெரிந்தது, என் கை கோணினால் வளையம் தானாகத் திரும்பிக்கொள்கிறது, வார் தட்டையாகவே நிற்கிறது. கல்லில் ஒரு தடவை புதிதாகத் தீட்டிவிட்டுத் தொடங்கினேன். இன்றைக்கு 19-வது சவரம், நுனியும் அடியும் ஒரே மாதிரி வெட்டுகிறது, கல்லைத் தொடவில்லை. தோலில் விழுந்த அந்த வெட்டின் ஓரத்தை மட்டும் நைஸ் உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கினேன், கத்தி தடுக்கவில்லை.

ஒரு சந்தேகம் பாக்கி. ஜன்னல் பக்கம் என்பதால் மத்தியானம் வரை வெயில் படுகிறது, மழை அடித்தால் சாரலும் வரும். வாரை அங்கேயே தொங்கவிடலாமா?

பேட்டை பட்டறை:

வேண்டாம். சுழல் கொக்கியோடு கழற்றி உள்ளே நிழலில் தொங்கவிடுங்கள், கட்டை மட்டும் கம்பியில் இருக்கட்டும். உங்கள் வார் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலாக இருந்தால் வெயில் பட்டுப் பட்டு விறைத்துச் சுருளும். எண்ணெய் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், தீட்டுவதற்கு முன் உள்ளங்கையால் பத்துப் பதினைந்து தடவை அழுத்தித் தேய்த்தாலே தோலுக்கு வேண்டிய எண்ணெய்ப் பசை கிடைத்துவிடும். விங் நட்டை மாதம் ஒரு தடவை முடுக்கிப் பாருங்கள், டியூப் அமுங்க அமுங்க அது தளரும்.