மூணு பட்டைத் தண்டு, பக்கவாட்டுல பூ, இலையே காணோம்: இது கோரைதானா?

படகுக்காரி:
வணக்கம் மக்களே, அமெரிக்காவுல மேரிலாண்ட் மாநிலத்துல கேம்பிரிட்ஜ் பக்கம் இருக்கிற பிளாக்வாட்டர் சரணாலயத்துக்குப் போயிருந்தோம், கழுகு பாக்கத்தான் போனது, ஆனா சேத்துத் தண்ணிக்குள்ள கூட்டங்கூட்டமா நிக்கிற ஒரு செடியையே பாத்துட்டிருந்தேன். ஆளுயரம், தொட்டா மூணு மூலையும் கையில தட்டுது, இலைன்னு ஒண்ணும் தெரியல. பழுப்பா ஒரு பூக்கொத்து உச்சியில இல்லாம கொஞ்சம் கீழ பக்கவாட்டுல ஒட்டிட்டிருக்கு. கூட வந்தவர் 'த்ரீ ஸ்கொயர்'னு சொன்னார். இது கோரை வகையா? இலை இல்லாம எப்படிப் பிழைக்குது, அதுவும் உப்புத்தண்ணியில?

வேர்ப்பித்தன்:
கோரைக் குடும்பமேதான், சைப்பரேசி. ஆனா த்ரீ ஸ்கொயர்னு அங்க ரெண்டு செடியைச் சொல்வாங்க. தண்டைக் குறுக்க வெட்டினா தெரியும். மூணு பக்கமும் நல்லா உள்ள குழிஞ்சிருந்தா ஷோனோப்ளெக்டஸ் அமெரிக்கானஸ், தட்டையாவோ லேசா குழிஞ்சோ இருந்தா பஞ்ஜென்ஸ். ரெண்டும் கலந்த கலப்பினமும் உண்டு, அது கையில மாட்டினா மண்டை காயும்.

பூ பக்கவாட்டுல வரல, உச்சியிலதான் வருது. அதுக்கு மேல நீட்டிட்டு நிக்கிறது தண்டு இல்ல, பூவடிச்செதில், அது தண்டோட மிச்சம் மாதிரியே நிமிந்து நின்னு ஏமாத்துது. அமெரிக்கானஸ்ல அது பொதுவா 6 செ.மீ.க்குள்ள அடங்கிரும், பஞ்ஜென்ஸ்ல 20 செ.மீ. வரைக்கும் போகும். இலை இருக்கு, அடியில சின்னதா உறை மாதிரி, ஒளிச்சேர்க்கை வேலையில பெரும்பங்கு பச்சைத் தண்டுதான் பாக்குது. தண்டுக்குள்ள காத்தறை நிறைய, அது வழியா ஆக்சிஜன் வேருக்கு எறங்குது, இல்லன்னா காத்தே இல்லாத அந்தச் சேத்துல வேர் அழுகிரும்.

பழைய கட்டுரை படிச்சா கவனம், அமெரிக்கானஸை ஸ்கிர்பஸ் ஒல்னியைன்னும் பஞ்ஜென்ஸை ஸ்கிர்பஸ் அமெரிக்கானஸ்னும் எழுதி வச்சிருப்பாங்க. யாரைப் பத்திப் பேசுறாங்கன்னே புரியாது.

உப்பங்காத்து:
படகுக்காரி அக்கா, நீங்க பாத்தது அமெரிக்கானஸா இருந்தா அது சாதாரணச் செடி இல்ல 🙂 பிளாக்வாட்டரை ஒட்டின செசபீக் விரிகுடாவோட மேற்குக் கரையில, ரோட் ஆத்தங்கரை சதுப்புல, ஸ்மித்சோனியன் ஆராய்ச்சி மையத்துல பெர்ட் டிரேக்னு ஒருத்தர் 1987ல ஒரு சோதனை ஆரம்பிச்சார், மேல திறந்த கண்ணாடிக் கூண்டு மாதிரி வச்சு உள்ள கார்பன் டை ஆக்சைடை வெளியில இருக்கிறதைவிட 340 பிபிஎம் (பத்து லட்சத்துல 340 பங்கு) கூட்டி விட்டாங்க. சி3, சி4ங்கிறது ஒளிச்சேர்க்கையில ரெண்டு வழி; இந்தக் கோரை சி3, பக்கத்துல வளர்ற ஸ்பார்ட்டினா புல்லு சி4. சி4 ஏற்கெனவே வாயுவைத் தனக்குள்ள செறிவாக்கிக்கும், அதனால கூடுதலா கொடுத்தாலும் அதுக்குப் பெருசா பிரயோஜனமில்ல. கோரைதான் அள்ளிக்கிச்சு. மெல்லிசு வேரா மண்ணுக்குள்ள பரப்பினதுல, ரெண்டு வருஷக் கணக்குப்படி தரைமட்டம் உயர்ற வேகம் வருஷத்துக்கு 3.9 மில்லிமீட்டர் கூடுச்சு. அந்தச் சதுப்புல தரை உசர்றது பெரும்பாலும் வேராலதான்.

செங்கற்பட்டான்:
அப்ப கார்பன் கூடினா நல்லதுன்னு சொல்றீங்களா ப்ரோ? இதை அரைகுறையா எடுத்துட்டுப் போய் வாட்ஸ்அப்ல போட ஒரு கூட்டமே இருக்கு.

உப்பங்காத்து:
இல்லைங்க, மீதிக் கதையையும் கேளுங்க. நைட்ரஜன் உரமும் சேத்துக் கொடுத்தப்ப ஆரம்பத்துல கோரை வளந்தாலும் போகப்போக சி4 புல்லு முந்திருச்சு, கார்பனால வந்த லாபமும் குறைஞ்சிருச்சு, வயல்ல இருந்து உரம் ஓடி வர்ற விரிகுடாவுல இது சின்ன விஷயமில்ல. அப்புறம் அதே சோதனையோட 33 வருஷ டேட்டாவை மொத்தமா பாத்தப்ப, கடல்மட்டம் ஏறுற வேகம் கூடக் கூட கார்பன் டை ஆக்சைடு கொடுத்த ஊக்கமே அமுங்கிப்போச்சுன்னு 2022ல எழுதினாங்க. வெள்ளத்துல நிக்கிற செடிக்குக் காத்துல என்ன கொடுத்து என்ன.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. இதோட விதை சேத்துல புதைஞ்சே பல பத்து வருஷம் உயிரோட கிடக்கும். அடுக்கடுக்கா மண்ணைத் தோண்டி பழைய விதையை முளைக்க வச்சு இப்ப இருக்கிற செடியோட ஒப்பிட்டிருக்காங்க. வேர் விடுற விதம் பரம்பரையாவே மாறியிருக்கு.

வேர்ப்பித்தன்:
பிளாக்வாட்டர்னா நியூட்ரியாவை விட்டுட முடியாது. தென்னமெரிக்கக் கொறிணி, 1940கள்ல ரோமத்துக்காகக் கொண்டாந்தது. இலையை மேஞ்சா திரும்பத் துளிர்க்கும், இது வேர்த்தண்டையே தோண்டித் தின்னுரும், சேறு கரைஞ்சு தண்ணியாயிரும். 1930களுக்கு அப்புறம் அங்க 5000 ஏக்கருக்கு மேல சதுப்பு போச்சு, அதுல நிலம் தாழ்றதும் கடல் ஏறுறதும்கூட சேந்திருக்கு. வேட்டையாடித் தீத்து, 2022லதான் மேரிலாண்ட்ல நியூட்ரியா இல்லைன்னு அறிவிச்சாங்க.

படகுக்காரி:
யப்பா, ஒரு புல்லுக்குப் பின்னால இவ்வளவா! போட்டோவை ஜூம் பண்ணிப் பாத்தேன், அந்தச் செதில் குட்டையாத்தான் இருக்கு, அமெரிக்கானஸ்தான் போல. அடுத்த தடவை ஒரு கிழங்குத் துண்டு எடுத்து வீட்டுல வளக்கலாமா?

வேர்ப்பித்தன்:
சரணாலயத்துல பிடுங்கக் கூடாதும்மா. அந்த ஊர்ச் செடி விக்கிற நர்சரியில நாத்தாவே கிடைக்கும். உப்புப் போட வேண்டியதில்லை, நல்லதண்ணியிலயும் வளரும், ஓட்டையில்லாத தொட்டியில சேறு போட்டு மேல தண்ணி நிக்க விடுங்க. தோட்டத்து ஈரத்தரையில மட்டும் நேரா வச்சிராதீங்க, வேர்த்தண்டு ஓட ஆரம்பிச்சா பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டுவாங்க.