‘ஹாட் பங்க்’: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே,
நீர்மூழ்கிக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கெடு. இரண்டாம் உலகப்போரில் நார்வே தளங்களிலிருந்து கிளம்பி, வடதுருவப் பக்கமுள்ள சோவியத் துறைமுகமான மூர்மன்ஸ்க் போகும் சரக்குக் கப்பல்களை வேட்டையாடிய ஜெர்மன் டீசல் படகுகள் பற்றியது. ஏழாம் வகை ‘சி’ படகின் நீளம் 67 மீட்டர். ஆட்கள் 44 முதல் 52 வரை. ஆளுக்கொரு படுக்கை கிடையாது. எஞ்சின் அறைக்காரர்களுக்கு 6 மணி நேரம் வேலை, 6 மணி நேரம் ஓய்வு. ஒருவன் எழுந்ததும் அடுத்தவன் அதே படுக்கையில் விழுவான், முந்தையவனின் உடம்புச் சூடு ஆறுவதற்குள். இதைத்தான் ஆங்கிலத்தில் ‘ஹாட் பங்க்’ (hot bunk) என்கிறார்கள். ‘வெப்பப் படுக்கை’ என்று போட்டேன். மின்கம்பி வைத்த மெத்தையா என்று கேட்கிறார் பிழை திருத்துபவர்.

* * *

முறைப்படுக்கை. முறை வைத்துக் காவல் காக்கிறோம், முறை வைத்துப் படுக்கிறோம். முடிந்தது.

* * *

> முறைப்படுக்கை

முறைப்பெண், முறைமாமன், அப்புறம் முறைப்படுக்கையா? கல்யாணப் பேச்சு மாதிரி இருக்கிறது ஐயா. ‘சேக்கை’ என்ற நல்ல சொல் சும்மா கிடக்கிறதே. மனிதர் படுப்பதும் சேக்கை, பறவை அடைவதும் சேக்கை. ‘சே’ என்றால் தங்குதல். எருதுக்கும் ‘சே’ என்று பெயர் உண்டு. தொழுவத்தில் தங்குவதால் வந்திருக்குமோ என்பது என் நெடுநாள் ஐயம். மாறுசேக்கை என்போம்.

இன்னொன்று. முரசை நீராட்டக் கொண்டுபோன நேரத்தில் அதன் கட்டிலில் ஏறித் தூங்கினாரே மோசிகீரனார், புறநானூறு 50? ஒருவர் பணிக்குப் போக மற்றவர் படுப்பது நமக்குப் புதிதா என்ன!

* * *

முரசுக்கு உடம்புச் சூடு ஏது?

* * *

கப்பல் எந்திர அறையில் இருந்தவன் சொல்கிறேன். இங்கே சூடுதான் விஷயம். கடல்நீர் மைனஸ் 1.8 பாகை வரை உறையாமல் இருக்கும். அப்படிப்பட்ட நீரில் கிடக்கும் எஃகுச் சுவர், ஆட்களின் மூச்சும் சமையல் ஆவியும் பட்டு வியர்த்துக் கொட்டும். போர்வை ஈரம், சட்டை ஈரம். மின்சூடேற்றி உண்டு; ஆனால் மூழ்கியிருக்கும்போது அது தின்பது படகை ஓட்டவேண்டிய பேட்டரியை. மேலே பனிக்கட்டி பூத்து நின்றுவிட்டு இறங்குகிறவனுக்கு, இன்னொருவன் விட்டுப்போன கதகதப்பே பெரிய காரியம். ‘முறை’ என்றால் அட்டவணைதான் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. ‘ஆறாப்படுக்கை’ எப்படி?

* * *

> ஆறாப்படுக்கை

மற்ற ஐந்தும் எங்கே?

* * *

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தை (‘ஆறாத’ என்பதில் ‘த’ கெட்டு ‘ஆறா’) எண்ணுப்பெயராகப் படிப்பவருக்காக நாம் சொல்லாக்க முடியாது. ஆனாலும் ‘ஆறாப் புண்’தான் முதலில் காதில் விழுகிறது. எனக்கும் முறைப்படுக்கையே சரி, அரைமனதாக.

* * *

நன்றி. எண்ணிப் பார்த்தேன்: முறைப்படுக்கைக்கு நான்கு பேர், சேக்கைக்கு ஒருவர், ஆறாப்படுக்கைக்கு ஒருவர். முதலில் வரும் இடத்தில் ‘சூடு ஆறுமுன் ஆள் மாறும் முறைப்படுக்கை’ என்று விரித்துவிட்டு, பிறகு வெறும் முறைப்படுக்கை. இரவே அனுப்புகிறேன். கட்டுரையின் அடுத்த பகுதியில், புறப்படும்போது உணவு மூட்டைகளால் அடைத்துவைத்த கழிப்பறை ஒன்று வருகிறது. அதற்குப் புதுச்சொல் எதுவும் வேண்டாம்.

* * *

அனுப்புங்கள். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ‘சே’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.