ட்ரோனில் ரத்தம் அனுப்பினால் கெட்டுப்போகாதா?

கடைசிபெஞ்ச்:
ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், மலைக் கிராமத்துக்கு ட்ரோன்ல மருந்து. "ருவாண்டாவுல 2016-லேயே ரத்தம் அனுப்புறாங்க, நீ புதுசா என்ன கிழிக்கப் போற?"ன்னு கைடு கேட்டுட்டார். தேடிப் பார்த்தேன். அங்க அனுப்புற ஜிப்லைன் கம்பெனியோட ஆளில்லா விமானம் தரையிறங்கவே இல்ல. பேப்பர் பாராசூட்ல பெட்டியைப் போட்டுட்டுத் திரும்பிடுது. விழுற அதிர்ச்சியில ரத்தம் கெடாதா? ஆம்புலன்ஸை விட இதுல என்ன லாபம்?

ரத்தவங்கி_ராணி:
தம்பி, 22 வருஷம் ரத்த வங்கி டெக்னீஷியன் நான். ஐஸ் பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு மலைப்பாதையில ஜீப்புல குலுங்கியிருக்கேன், உள்ள இருந்த ரத்தப் பைக்கு ஒண்ணும் ஆகல. எதிரி சூடு. சிவப்பணு 2-லிருந்து 6 டிகிரிக்குள்ள இருக்கணும்.

வேகத்தையே பார்த்துட்டு இருக்காத, எக்ஸ்பயரியைப் பாரு. சிவப்பணு அதிகபட்சம் 42 நாள், பிளேட்லெட் 5 நாள்தான். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஓ நெகட்டிவ் ரெண்டு பை யாருக்கும் தேவைப்படாம நாள் முடிஞ்சு கழிச்சேன். அடுத்த வாரமே பிரசவத்துல ரத்தப்போக்கு, அதே ஓ நெகட்டிவ் கேட்டாங்க. 70 கிலோமீட்டர் ஆள் அனுப்பினோம். அந்தப் பொண்ணு பிழைச்சிட்டா, ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.

ருவாண்டாக்காரங்க முஹாங்காங்கிற ஊர்ல ஒரே இடத்துல மொத்தமா வெச்சுக்கிட்டு, கேட்டப்ப அனுப்பினாங்க. வீணாகிற ரத்தம் 67 சதவீதம் குறைஞ்சதுன்னு 2022-ல லான்செட் குளோபல் ஹெல்த்ங்கிற மருத்துவ இதழ்ல ஆய்வு வந்துச்சு. லாபம்னா அதுதான்.

காத்தாடி:
மணிப்பூரையும் பாருங்க ப்ரோ. 2021 அக்டோபர்ல ஐ.சி.எம்.ஆர்.ங்கிற மத்திய அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு, பிஷ்ணுபூர்ல இருந்து லோக்டாக் ஏரிக்குள்ள இருக்கிற கரங் தீவுக்கு ட்ரோன்ல தடுப்பூசி அனுப்பினாங்க. ரோட்டுல 26 கி.மீ., வானத்துல 15. கால் மணி நேரத்துக்குள்ள போயிடுச்சு. ஆனா அது ஏரி. மலைச்சரிவுல காத்து சுழட்டும், மூடுபனி வேற.

கடைசிபெஞ்ச்:
நன்றி அக்கா. திரும்பி வரும்போது அங்கிருந்து ரத்த சாம்பிள் எடுத்துட்டு வரலாமா?

ரத்தவங்கி_ராணி:
போட்டுட்டுப் போற விமானம் எப்படிப்பா எடுத்துட்டு வரும்? அதுக்கு இறங்கி ஏறுற ட்ரோன் வேணும். மலாவியில யூனிசெஃப் 2016-ல குழந்தைகளோட எச்.ஐ.வி. சாம்பிளுக்குச் சோதிச்சுப் பார்த்தது அந்த ரகம்.

அதை விடு. ரத்தம் வந்து விழுந்ததும் அப்படியே ஏத்திட முடியாது, நோயாளியோட ரத்தத்துக்கு ஒத்துப்போகுதான்னு லேப்ல பார்க்கிற க்ராஸ்மேட்ச் பண்ணணும். நீ சொல்ற மலைக் கிராமத்துல ராத்திரி 2 மணிக்கு லேப்ல ஆள் இருப்பாங்களா? முதல்ல போய் அதைக் கேட்டுட்டு வா.