முதல் தடவையா ஜெனரேட்டிவ் ஆர்ட் ஒண்ணு வாங்கப் போறேன், எத எடுக்கிறதுன்னு சொல்லுங்க

நூல்கண்டு:
புரோகிராம் வரையுற படங்கள பிளாக்செயின் டோக்கனா விக்கிற ஆர்ட் பிளாக்ஸ், எஃப்எக்ஸ்ஹாஷ் சைட்டு ரெண்டையும் ரெண்டு வருஷமா பார்த்துட்டு மட்டும் இருக்கேன், இப்ப ஒண்ணே ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பட்ஜெட் 15,000 ரூபாய். விக்கிறதுக்கு இல்லங்க, ஹால்ல பழைய மானிட்டர் ஒண்ண சுவத்துல மாட்டி அதுல போட்டு வைக்கணும். ஃபிடென்சா, ரிங்கர்ஸ் மாதிரி பேர் போன வரிசைங்க எல்லாம் கைக்கு எட்டாதுன்னு தெரியும். எஃப்எக்ஸ்ஹாஷ்ல ஒரு ப்ராஜெக்ட் மனசுல நின்னுடுச்சு, ஒரே புரோகிராம்ல இருந்து வந்த 256 படம், எல்லாம் தறில நெய்த மாதிரி கோடுங்க. அதுல மொத்தமே ரெண்டு படத்துக்கு மட்டும் வந்த ஒரு நிறம் இருக்கு, விலை ஏகத்துக்கு. எனக்குப் பிடிச்சது சாதாரண நீலம், அதுல கால்வாசி விலைதான். அபூர்வமானத விட்டுட்டு இத எடுத்தா பின்னாடி வருத்தப்படுவேனா?

சிக்குக்கோலம்:
நீலத்தையே எடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி 256-ஐயும் உக்காந்து பாருங்க, ஏன்னா இதுல கலைஞர் ஒரு படத்த வரையறதில்ல, மின்ட் பண்ற நேரத்துல, அதாவது முதல்ல வாங்குறவர் படத்த உருவாக்குறப்ப, வர்ற ஹாஷ்ங்கிற தற்செயலான எழுத்து-எண் வரிசைதான் விதை, அதுல இருந்து என்ன முளைக்கும்னு அவருக்கும் தெரியாது வாங்குறவருக்கும் தெரியாது. டைலர் ஹாப்ஸ் 2021 ஜூன்ல ஃபிடென்சா விட்டப்ப 999 வந்துச்சு, சரியில்லாதத தூக்கிப் போட வழியே கிடையாது, அதனால மொத்த வரிசையும் எப்படி நிக்குதுன்னு பார்த்தாத்தான் புரோகிராம் எழுதினவரோட கை தெரியும்.

ட்ரெய்ட் பட்டியல, அதாவது எந்த நிறம், எந்த வடிவம் எத்தனை படத்துல வந்திருக்குங்கிற பட்டியல, வெச்சு முடிவு பண்ணாதீங்க. ரிங்கர்ஸ்ல டிமிட்ரி செர்னியாக் செஞ்சது முளைக்குச்சிங்க மேல கயிறு சுத்துற கணக்கு, நம்ம சிக்குக் கோலத்துல புள்ளிய சுத்தி கம்பி போற மாதிரியேதான் எனக்குத் தோணும். அந்த 1000-ல 879-ஆவது அப்படியே ஒரு வாத்து மாதிரி வந்துடுச்சு. வாத்துன்னு ஒரு ட்ரெய்ட் கிடையாது, யாரும் திட்டம் போடல, பார்த்தவங்க கண்ணுலதான் அது வாத்தாச்சு. 2023 ஜூன்ல சாத்பீஸ் ஏலத்துல கிட்டத்தட்ட 62 லட்சம் டாலருக்குப் போச்சு. உங்க கண்ணுக்கு நீலம் பிடிச்சிருக்குன்னா அது போதும்.

பழையவாலட்:
நான் வேற விஷயம் சொல்றேன், படம் எங்க இருக்குன்னு பாருங்க. 2021-ல ஒரு சின்ன சைட்ல ஒண்ணு வாங்கினேன், படம் அவங்க சர்வர்ல இருந்துச்சு, சைட்ட மூடிட்டாங்க, இப்ப என் வாலட்ல (டிஜிட்டல் பணப்பை) படம் என்னோடதுன்னு காட்டுற டோக்கன் மட்டும் இருக்கு, தொறந்தா வெறும் வெள்ளை. ரொம்பப் பிடிச்சு வாங்கினது, இன்னும் மனசு ஆறல. 2019-ல வந்த ஆட்டோகிளிஃப்ஸ்ங்கிற வரிசைல 512 படமும் எத்தீரியம் பிளாக்செயின்லயே (பல கம்ப்யூட்டர்ல ஒண்ணா இருக்கிற பொதுப் பதிவேடு) உருவாகுது, ஆர்ட் பிளாக்ஸும் ஸ்க்ரிப்ட, அதாவது புரோகிராம, செயின்லதான் வைக்குது. டெசோஸ்ங்கிற இன்னொரு செயின்ல வந்த பழைய எஃப்எக்ஸ்ஹாஷ் வேலைங்க பெரும்பாலும் ஐபிஎஃப்எஸ்ல, அதாவது பல கம்ப்யூட்டர் பகிர்ந்து வைக்கிற ஃபைல் சேமிப்புல, இருக்கும், அது மோசம் இல்ல, ஆனா ஃபைல ஒரு காப்பி இறக்கி வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு, வரி. 2022 ஏப்ரல்ல இருந்து இந்தியாவுல இந்த மாதிரி டோக்கன், காயின் வித்த லாபத்துக்கு 30 சதவீதம், நஷ்டத்த இன்னொரு லாபத்துல கழிக்கவும் முடியாது. டெசோஸ் காயின் குடுத்து படம் வாங்குறதே அந்த காயின வித்த கணக்குதான்.

மஞ்சள்சதுரம்:
வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் அந்த நீலத்த போன் வால்பேப்பரா வைங்க. வேரா மோல்னார் 1968-லயே பாரிஸ்ல கம்ப்யூட்டர்ல வரைய ஆரம்பிச்சவங்க, சதுரத்துக்குள்ள சதுரமா அடுக்கி, ஒழுங்க கொஞ்சூண்டு மட்டும் கலைப்பாங்க, அந்தக் கலைஞ்ச இடத்துலதான் கண்ணு போய் நிக்கும். உங்க படத்துலயும் அப்படி ஒரு இடம் இருக்கான்னு தேடுங்க, இல்லன்னா நாலு நாள்ல சலிச்சுடும். அப்புறம் லைவ் வ்யூவ, அதாவது புரோகிராம் அப்பவே வரையுறத, அந்த மானிட்டர்லயே ஓட்டிப் பாருங்க, சில புரோகிராம் ஸ்க்ரீன் அளவு மாறினா கோடு தடிமன் எல்லாம் கோணிக்கும்.

நூல்கண்டு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி 256-ஐயும் பார்த்தேன், முடிக்க மணி ரெண்டாச்சு. முதல்ல நினைச்ச நீலம் இல்ல, அதே நீலத்துல இன்னொண்ணு, கீழ் மூலைல பத்துப் பன்னெண்டு கோடு மட்டும் பாவுல இருந்து நழுவின மாதிரி சாஞ்சு நிக்குது. விலை இன்னும் கம்மி, யாரும் கவனிக்கல போல. மானிட்டர்ல ஓட்டிட்டேன், கோடெல்லாம் சரியா வருது, ஆனா முழுசா வரைஞ்சு முடிக்க நாலு நிமிஷம் எடுக்குது. அம்மா நின்னு முழுசும் பார்த்தாங்க. ஞாயித்துக்கிழமை வாங்குறேன்.